குரல் குடித்த மணல் ஈ

அயனிப்பாறை ரப்பர் எஸ்டேட்டின் லைன் வீடுகளில் மணல் ஈக்கள் பேசத் தொடங்கியது வைகாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால் மணிக்கு. சுகாதாரத் துறையின் பூச்சி சேகரிப்பாளர் ரெத்தினபாய், பதினான்காம் நம்பர் வீட்டின் அடுக்களைச் சுவர் விரிசலில் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் மாட்டிய ரப்பர் குழலை வாயில் கவ்வி, வழக்கம்போல் ஒரு மூச்சு உறிஞ்சினாள். உள்ளே வந்து விழுந்த முதல் ஈ, "அந்தப் பூச்சிக்காரி நாளைக்காவது தொலைவாளா, ஆண்டவரே" என்றது. குரல் அந்த வீட்டு லில்லிபுஷ்பத்தினுடையது. கடைசியில் ஒரு கொட்டாவியும் இருந்தது. ரெத்தினபாய் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தாள், ஈயைச் சின்னச் சீசாவுக்கு மாற்றினாள், பஞ்சால் மூடினாள், இரண்டாவது ஈக்காக விரிசலை நோக்கிக் குனிந்தாள். இருபத்தேழு வருடமாக ஊர் ஊராகப் போய்ச் சுவரையும் தொழுவத்தையும் மரப்பொந்தையும் உறிஞ்சி வருகிறவள். ஏச்சு வாங்காமல் எந்த ஊரிலும் பூச்சி பிடித்ததில்லை. இதுவரை வாசலில் இருந்து வந்த ஏச்சு இன்று குழாய்க்குள் இருந்து வருகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மணல் ஈ என்பது கொசுவில் மூன்றில் ஒரு பங்கு. வைக்கோல் நிறம், உடம்பெல்லாம் மயிர், சிறகை மடக்கத் தெரியாமல் தூக்கியே வைத்திருக்கும், பறப்பதைவிடத் தத்துவது அதிகம். சத்தமே போடாமல் கடிக்கும் என்பதுதான் துறை அச்சடித்த கையேட்டின் முதல் வரி. அன்று பத்து மணிக்குள் ரெத்தினபாயின் சீசாக்களில் முப்பத்தொரு ஈக்கள் முப்பத்தொரு விதமாகப் பேசிக்கொண்டிருந்தன. கேட்கக் கேட்க ஒழுங்கு பிடிபட்டது: ஒருவரைக் கடித்து இரத்தம் குடித்த ஈ, அந்த ஆள் தூங்குமுன் கடைசியாகச் சொன்னதைச் சொல்லும், வேறொருவரைக் கடிக்கும்வரை அதையே சொல்லும், அதைத் தவிர வேறெதுவும் சொல்லாது. படிவத்தில் 'குறிப்பு' என்றிருந்த கட்டத்தில் 'பேசுகின்றன' என்று எழுதி அனுப்பினாள். மாவட்ட அலுவலகத்தில் இருந்து போன் வந்தது.

"பேசுறதுக்கெல்லாம் நம்ம படிவத்துல இடம் கிடையாதும்மா. எண்ணிக்கையை மட்டும் போடுங்க."

அவள் எண்ணிக்கையை மட்டும் போட்டாள்.

அவள் வந்தது குரல் பிடிக்க அல்ல, வைரஸ் பிடிக்க. மாசியில் ஒரு பிள்ளை, சித்திரையில் ஒரு பிள்ளை, இரண்டும் ஆறு வயதுக்குக் கீழே: காலையில் காய்ச்சல், மத்தியானம் வலிப்பு, மறுநாள் விடியுமுன் முடிந்துவிட்டது. எஸ்டேட் டாக்டர் விஷக்காய் தின்றிருக்கும் என்று எழுதினார். காட்டை ஒட்டிய ஊர்களில் மணல் ஈ கடத்துகிற வைரஸ் ஒன்று இப்படித்தான் கொல்லும், பெரியவர்களை ஒரு காய்ச்சலோடு விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும் என்று ரெத்தினபாய்க்குத் தெரியும். ஆனால் அந்த வைரஸ் அந்த ஊர் ஈயின் உடம்பில் இருக்கிறது என்று ஒரு தாளில் அச்சாகி வராதவரை மருந்தடிக்க மாட்டார்கள், சுவர் விரிசலைப் பூச மாட்டார்கள். தாள் வர வேண்டுமானால் ஈயைப் பிடிக்க வேண்டும், ஐம்பது ஈக்கு ஒரு குழாய் என்று பிரிக்க வேண்டும், ஐஸில் வைத்து, ஐஸ் உருகாமல், நகரத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அரைத்துப் பார்ப்பார்கள்.

ஊர் அவளை வெறுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருடம் முன்பு ஒரு குழு வந்து எல்லோர் கையிலும் இரத்தம் எடுத்துப் போனது, முடிவு என்ன என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இந்த முறை கங்காணி வில்பிரெட் வீடு வீடாகப் போய், "அவ ஈயில வல்லதும் கண்டுபிடிச்சா அன்னைக்கே லைன் வீட்டை இடிச்சு எல்லாரையும் கீழ இறக்கிருவாங்க, பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தார். அதனால் அவள் மாட்டிய விளக்குப் பொறிகளின் வயர்களை அறுத்தார்கள். அவள் தங்கியிருந்த, ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைப்புரையின் வாசலில் ஆட்டுப் புழுக்கையைக் கொட்டினார்கள். ஒருநாள் அவள் பூட்ஸுக்குள் ரப்பர் பாலை ஊற்றி ஆசிட் விட்டு உறையவைத்திருந்தார்கள். காலை நுழைக்கப் போனபோது உள்ளே வெள்ளையாக இன்னொரு கால் இருந்தது.

ஈ பேசியதைக் கேட்டு ஊர் திகைத்துப்போனது என்று எழுதினால் பொய். முதல் நாள் மத்தியானமே ஊர் வேலையைத் தொடங்கிவிட்டது. ரப்பர் பால் வெட்டு முடிந்து திரும்பிய ஆண்கள் சுவரோரம் காதை வைத்து நின்றார்கள். பெண்கள் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து ஈ பிடித்தார்கள். எட்டாம் நம்பர் மாமியார் மருமகளின் ஈயைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கூட்டம் கேட்டாள், மருமகள் மாமியாரின் ஈக்கள் இரண்டோடு வந்து சேர்ந்தாள். பேசி முடித்திருந்த கல்யாணம் ஒன்று ஒற்றை ஈயால் நின்றது. கங்காணி வில்பிரெட் தூங்குமுன் சொல்வது தன் மனைவியின் பெயரல்ல என்பது ஊருக்கு முன்பே தெரியும், இப்போது அவர் மனைவிக்கும் தெரிந்தது. போதகர் வந்து, ஜெபத்தைக் கடைசி வார்த்தையாக வையுங்கள் என்றார். நான்கு நாள் எல்லா ஈயும் ஆமென் என்றது. பிறகு ஆமெனுக்குப் பின்னாலும் பேச ஊர் கற்றுக்கொண்டது.

இரண்டாம் வாரத்தில் ஏச்சைத் திட்டம் போட்டு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் பாயை விரித்து, அந்தப் பக்கம் காலை நீட்டி, கணுக்காலில் துணியை விலக்கி வைத்து, சொல்ல வேண்டியதைத் தெளிவாக ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவார்கள். ஈ குடித்துவிட்டு விரிசல் வழியே அந்தப் பக்கம் தத்தும். 'உனக்க கோழி இனி எனக்க முற்றத்துல பேண்டா குழம்பு வச்சிருவேன்.' 'சவத்து மூதி, எனக்க கொடிக்கயிறு எங்கே?' மறுநாளே பதில் வரும். நேருக்கு நேர் பேசுவது குறைந்தது. ஊர் முன்பைவிட அமைதியாகவும் முன்பைவிடக் கொடியதாகவும் ஆனது. கடிபடக் காலை நீட்டி ஊரே கிடந்ததால் ஈக்கள் பெருகின. "மூடிக்கிட்டுப் படுங்க, பிள்ளைகளையாவது மூடிப் படுக்க வைங்க" என்று ரெத்தினபாய் வாசல் வாசலாகச் சொன்னாள். அவளுக்குப் பதில் மறுநாள் சீசாவில் கிடைத்தது.

ஊரில் ஈ கடிக்காத ஒரே ஆள் ரெத்தினபாய்தான். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் மணல் ஈ தாராளமாக நுழைந்துவிடும். அவளுடையது துறை தந்த வலை, துணிபோல் நெருக்கமாக நெய்தது. அதன் நான்கு ஓரத்திலும் கல் வைத்துப் படுத்தாள்.

"ஏ பூச்சிக்காரி" என்று கேட்டாள் லில்லிபுஷ்பம், தண்ணீர்க் குழாயடியில், நாலு பேர் நடுவில். "எங்களுக்க வாயை எல்லாம் சீசாவுல அடைச்சு வச்சிருக்கியே, உனக்க வாய் எங்கே?"

"எனக்கு வலை கவர்மென்ட் தந்ததாக்கும்."

"கவர்மென்ட் பெத்த பிள்ளைல்லா. நல்லா மூடிக் கெட. வெளிய வந்தா நாறும்."

ரெத்தினபாய் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். லில்லிபுஷ்பம் சொன்னது சரி. வலைக்குள் அவள் ஒவ்வொரு நாளும் தூங்குமுன் சொல்வது ஒரே வரி, அதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. மாசியில் முதல் பிள்ளை செத்தபோதும் துறை அவளைத்தான் அனுப்பியது. இருநூற்றுப் பன்னிரண்டு ஈக்கள் பிடித்தாள். கொண்டுபோகும் வழியில் அண்ணன் மகனின் கல்யாணம். ஒரு மணி நேரம் தலை காட்டிவிட்டுப் போகலாம் என்று இறங்கியவள் பந்தி முடிந்துதான் எழுந்தாள். ஜீப் வெயிலில் நின்றது. பெட்டியைத் திறந்தபோது ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது, ஈக்கள் அதில் மிதந்தன. அந்தத் தண்ணீரை மண்டபத்துக்குப் பின்னால் ஓடையில் கொட்டிவிட்டு, படிவத்தில் 'பூச்சி கிடைக்கவில்லை' என்று எழுதினாள். கிடைக்கவில்லை என்றதால் அயனிப்பாறையைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். சித்திரையில் இரண்டாவது பிள்ளை செத்தது.

மூன்றாவது, பதினைந்தாம் நம்பர் வீட்டு அபின். ஐந்து வயது. அப்பா கேரளாவில் வேலைக்குப் போயிருந்தார், அம்மா ஷைனி பால் வெட்டுக்குப் போகிறவள். லில்லிபுஷ்பத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரே சுவர், அதில் ஏழு விரிசல். அன்று லில்லிபுஷ்பத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்ததால் ஷைனி சுவரோரம் காலை நீட்டிப் படுத்தாள். தானும் ஈயிடம் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும் என்று அபின் அடம்பிடித்தான். முதுகில் ஒன்று வைத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். காலையில் காய்ச்சல், மத்தியானம் வலிப்பு. ஜீப்பில் இறக்கினார்கள், ஆஸ்பத்திரி வாசலில் முடிந்தது.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் காலை, பதினான்காம் நம்பர் வீட்டுப் பக்கமிருந்து அந்தச் சுவரின் விரிசலை ரெத்தினபாய் உறிஞ்சியபோது, வயிறு கனத்த பெண் ஈ ஒன்று குழாய்க்குள் விழுந்து, "உன்கிட்ட நான் மிண்ட மாட்டேன், போ" என்றது. மிண்டுவது என்றால் அந்த வட்டாரத்தில் பேசுவது. மீன் கழுவிக்கொண்டிருந்த லில்லிபுஷ்பம் சட்டியை அப்படியே போட்டாள். இரண்டு மாதமாக ஷைனியின் முகத்தில் விழிக்காதவள், மீன் கையோடு பதினைந்தாம் நம்பர் வாசலுக்கு ஓடி, "ஷைனியே, உனக்க மோன்" என்று கத்தினாள்.

ரெத்தினபாய் புகைப்புரைக்குள் போய்ச் சேர்வதற்குள் ஊர் வந்துவிட்டது.

"குடு" என்றாள் ஷைனி.

"மக்களே ஷைனி, நான் சொல்லுதத கேளு. அவனைக் கடிச்ச ஈயாக்கும் இது. மத்த ஈ எல்லாம் உசுரோட இருக்கவங்களைக் கடிச்சது, அனுப்பினதுல ஒண்ணும் கிடைக்கல, இது அப்படி இல்ல. அந்த வைரஸ் இருந்தா இதுக்க உடம்புலதான் இருக்கும். இதைக் கொண்டுபோய் அரைச்சுப் பாத்தா..."

"அரைக்கவா?"

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. இருபத்தேழு வருடமாக ஆய்வகத்தில் புழங்கிய வார்த்தை, பழக்கத்தில் வந்துவிட்டது.

"கேட்டியளா?" என்றார் வில்பிரெட் கூட்டத்தைப் பார்த்து. "பிள்ளைக்க சத்தத்தை அம்மியில வச்சு அரைக்கப் போறாளாம்."

யாரோ பொறி ஒன்றைக் காலால் மிதித்து உடைத்தார்கள். ரெத்தினபாய் சீசாவை ஷைனியின் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது சொல்ல வேண்டியதையும் சொன்னாள்: சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைக்க வேண்டும், இரத்தம் கொடுத்தால் குரல் மாறிவிடும், கொடுக்கக் கூடாது, வயிற்றில் முட்டை இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் இட்டுவிட்டுச் செத்துவிடும், செத்துச் சூடேறிப்போனால் அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஷைனி சீசாவைக் காதில் வைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. கஞ்சி கொண்டுபோன லில்லிபுஷ்பம் பொறுக்க முடியாமல் கேட்டாள். "உன்னை ஏசுதானே பிள்ளே, இதையா இருந்து கேக்குத?"

"ஏசட்டும். அவன் ஏசுத சத்தம்தானே."

"எனக்க பேத்திக்கு மூணு வயசு ஷைனி" என்றாள் லில்லிபுஷ்பம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. லில்லிபுஷ்பம் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ஷைனி புகைப்புரைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"இதுதான் அவனைக் கொன்னதா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"அரைச்சாத்தான் தெரியும்."

அந்த இத்தனூண்டு உடம்பில் மகனின் குரலும் இருந்தது, மகனைக் கொன்றதும் இருந்தது, அதற்குத்தான் அவள் இரண்டு நாளாகச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தாள். சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ ஊரு முழுக்க கேட்டாச்சு. எனக்க மோனையும் கேட்டாச்சு. உன்னை ஒருத்தரும் கேட்டதில்ல. இன்னைக்கு நீ வலை இல்லாம கெட. நாளைக்கு உனக்க ஈ என்ன சொல்லுதுன்னு நான் கேக்கணும். கேட்டுட்டுச் சொல்லுதேன், தரவா வேண்டாமான்னு."

"கேட்டா தர மாட்ட, பிள்ளே."

"அது நான் பாத்துக்கிடுதேன்."

வலையை ஷைனியே சுருட்டி எடுத்துப் போனாள். ரெத்தினபாய் ஆமென் சொல்லிவிட்டுத் தூங்கிவிடலாம் என்று நினைத்தாள். ஆமென் சொன்னாள், தூக்கம் வரவில்லை. பைபிள் சங்கீதம் ஒன்று சொன்னாள், தூக்கம் வரவில்லை. தூக்கம் எதற்காகக் காத்திருந்ததோ அதைக் கடைசியில் சொன்னாள்.

விடிந்ததும் புகைப்புரைக்கு முன்னால் ஊர் நின்றது, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்த நாள்போல. ஷைனி கண்ணாடிக் குழாயை எடுத்து, ரப்பர் குழலை வாயில் கவ்வி, ரெத்தினபாயின் பாய் கிடந்த சுவரில் தானே உறிஞ்சினாள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. ஒன்று, இரண்டு, பதினொன்று வரை பிடித்தாள். பதினொரு ஈயும் ரெத்தினபாயின் குரலில், "ஐஸ் உருகிப்போச்சு" என்றன.

"எந்த ஐஸ்?" என்றார் வில்பிரெட்.

ரெத்தினபாய் சொன்னாள். ஜீப், மண்டபம், ஓடை, படிவம், எல்லாவற்றையும் அறிக்கை வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள். சித்திரையில் செத்த பிள்ளையின் அம்மா கூட்டத்தில் நின்றாள். பால் வெட்டி வந்த கையோடு நின்றவள், வாளியில் இருந்து ஒரு சிரட்டை ரப்பர் பாலை மொண்டு ரெத்தினபாயின் தலையில் வீசினாள். முடியில் வழிந்து காதோரம் உறையத் தொடங்கியது. அவள் துடைக்கவில்லை.

ஷைனி ரெத்தினபாய்க்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்.

"கல்யாணத்துல என்ன பாயாசம்?"

"ரெண்டு பாயாசம்" என்றாள் ரெத்தினபாய். "அடையும் பருப்பும்."

"ரெண்டும் குடிச்சியா?"

"குடிச்சேன்."

ஷைனி தலையை ஆட்டினாள், கணக்கு சரியாக வந்ததுபோல. "பெட்டியை எடு" என்றாள். ஏழு மணிக்கு வரும் மீன்காரனின் பைக்கை நிறுத்தி, மீனை வாழையிலையில் கொட்டச் சொல்லி, ஐஸ் முழுவதையும் வாங்கிப் பெட்டியில் நிரப்பினாள். சீசாவைக் கடைசியாக ஒருமுறை காதில் வைத்தாள், ஊர் கேட்கும்படி அது ஏசியது, பிறகு ஐஸில் புதைத்தாள். குளிர் ஏற ஏறக் குரல் மெலிந்தது, இடைவெளி கூடியது. "உன்கிட்ட நான் மிண்ட" என்றது ஈ, அதற்குமேல் சொல்லவில்லை.

ரெத்தினபாய் பெட்டியை வாங்கக் கையை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் ஷைனி. "நீ வழி மட்டும் காட்டு."

அந்தப் பெட்டி குலசேகரத்தில் ஒருமுறை ஐஸ் மாற்றப்பட்டது, தக்கலை மீன் சந்தையில் ஒருமுறை, நாகர்கோவிலில் ஒருமுறை, திருநெல்வேலி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜூஸ் கடை ஒன்றில் சண்டை போட்டு ஒருமுறை. பஸ்ஸில் ஷைனி பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் இடுப்போடு கட்டியிருந்தாள். பெட்டித் தண்ணீர் சேலையை நனைத்துத் தரையில் ஓடியது. மீன் நாற்றம் என்று கண்டக்டர் சத்தம் போட்டார், நாலு வரிசை தள்ளிப் போய் உட்காரச் சொன்னார். அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள், அவர் அதன்பிறகு சத்தம் போடவில்லை. அரை மணிக்கு ஒருதரம் மூடியைத் தூக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். அடுத்த இருக்கையில் ரெத்தினபாய் முடியெல்லாம் ரப்பர் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி நேரத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் தாள் வந்தது. அந்த ஒற்றை ஈயில் வைரஸ் இருந்தது. முகாம் வந்தது, மருந்தடித்தார்கள், சுவர் விரிசல்களை எல்லாம் பூசினார்கள், பிள்ளைகள் அதன்பிறகு சாகவில்லை. லைன் வீடுகளை யாரும் இடிக்கவில்லை. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் வில்பிரெட், ஈ இல்லாததால் நிரூபிக்க முடியவில்லை. ஊர் மறுபடி நேருக்கு நேர் ஏசிக்கொள்ளத் தொடங்கியது. மாசி மாதப் படிவத்தைப் பற்றி ரெத்தினபாய் தானே எழுதிக் கொடுத்தாள், துறை அவளை வேலையில் இருந்து நிறுத்தியது. அயனிப்பாறையில் இன்றும் வாக்குத் தவறினவர்களை அவள் பெயர் சொல்லித்தான் ஏசுகிறார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் ஆய்வகத்தின் ஜன்னலில் பெட்டியை ஒப்படைத்தபோது, உள்ளே இருந்தவர் மூடியைத் திறந்து, "ஐஸ் நல்லா இருக்கே, பாதிகூட உருகல" என்றார். ஷைனி முந்தானையைப் பிழிந்தாள். பெட்டி உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது. இரண்டு பேரும் வராந்தாவில் நின்றார்கள். ஷைனி காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது ரெத்தினபாய்க்கு நினைவு வந்தது.

"மக்களே" என்றாள். "வா, எதிர்க்க கடையில வல்லதும் தின்னுட்டுப் போலாம்."

ஷைனி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்கிட்ட நான் மிண்ட மாட்டேன்" என்றாள், ஐந்து வயதின் இழுப்போடு, ஒரு எழுத்துப் பிசகாமல். "போ."